மஞ்சள் பெட்டி முதல் இளஞ்சிவப்புச் சீட்டு வரை: சென்னையின் தென்புறநகரில் வாக்களிப்பின் வரலாறு

வாக்காளர்களில் பெரும்பாலோர் தாம் தேர்ந்தெடுக்கும் வேட்பாளரின் கொள்கை இன்னதென்று அறியாமலேயே வாக்களிக்கிறார்கள் என்னும் குறை, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தரலாமா என்ற விவாதம் நடந்த காலத்திலேயே சொல்லப்பட்டது. இன்றும் ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் தோற்ற தரப்பினரால் தவறாமல் சொல்லப்படுகிறது. இக்குறையைச் சொல்வோர் எழுத்தறிவின்மை, சினிமா மோகம், சாதி, பணம் ஆகிய நான்கையும் காரணமாக அடுக்குவது வழக்கம். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் வாக்கு என்னும் கருவியைச் செய்தவர்கள் யார், அதைச் செய்தபோது வாக்காளரிடமிருந்து அவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்ற கேள்வியை இந்த நான்கு காரணங்களும் சேர்ந்து மறைத்துவிடுகின்றன. பெரும்பாக்கத்தையும் அதைச் சூழ்ந்த தாம்பரம், பரங்கிமலை, சோழிங்கநல்லூர்ப் பகுதிகளையும் எடுத்துக்கொண்டு கடந்த நூறாண்டுகளில் அங்கு வாக்குரிமை வந்த வழியைப் பின்தொடர்ந்தால், கொள்கையை எடைபோடுவதற்காக அன்றி ஆளையும் அணியையும் அடையாளம் காண்பதற்காகவே அந்தக் கருவி வடிவமைக்கப்பட்டது என்பதும், வாக்காளர்கள் அதை அதன் வடிவத்துக்கு ஏற்பவே கையாண்டு வந்துள்ளார்கள் என்பதும் தெரியவரும்.

பெரும்பாக்கம், மேடவாக்கத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கும் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, தன் பெயரிலேயே ஓர் ஏரியைக் கொண்ட ஊர். நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தின் ஏரிப்பாசனக் கிராமங்களுள் ஒன்றாக இருந்து, இன்று பல்லடுக்குக் குடியிருப்புகளும் பெரிய மருத்துவமனையும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வளாகமும் நிறைந்த புறநகராகிவிட்ட பின்னும், நிர்வாகத்தில் அது பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராம ஊராட்சியாகவே தொடர்ந்து வந்துள்ளது. ஒருபுறம் கிராம ஊராட்சித் தலைவர், மறுபுறம் மாநிலத்திலேயே மிகுதியான வாக்காளர்களைக் கொண்ட சட்டமன்றத் தொகுதி என்று இரு துருவங்களுக்கு இடையில் இவ்வூர் வாக்காளர் நிற்பதால், கொள்கை அறியாத வாக்கு என்ற சிக்கலை ஆராய்வதற்கு இது பொருத்தமான இடமாகிறது.

இப்பகுதியின் தேர்தல் வரலாற்றைப் பேசுவோர் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன: ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன, சிறுவன் ஒருவன் எடுத்த ஓலையிலிருந்த பெயருக்குரியவர் வாரியத்தில் இடம்பெற்றார். மேடைகளில் இது மக்களாட்சித் தேர்தலின் மூதாதையாகப் போற்றப்பட்டாலும், பிராமணச் சபையொன்றுக்குள் நடந்த இம்முறையில் எவரும் எவருக்கும் வாக்களிக்கவில்லை, இது திருவுளச்சீட்டு. இங்கே கவனிக்க வேண்டியது தேர்வு முறையை விடத் தகுதி விதிகளையே ஆகும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும் என்றும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது என்றும் விதித்த கல்வெட்டு, ஏரியையும் தோட்டத்தையும் அவர் எவ்வாறு நிர்வகிக்கப் போகிறார் என்று எங்கும் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின் ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவுடன் இணைக்க வேண்டிய படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரமும் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றைத்தான் கேட்கிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் சட்டம் ஆளைத்தான் விசாரித்திருக்கிறதே தவிர அவருடைய கருத்தை விசாரிக்கவில்லை.

நவீனப் பொருளில் தேர்தல் என்பது இப்பகுதிக்கு 1920-இல், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் கீழ் வந்தது. அன்றைய சென்னை மாகாணம் முழுவதிலும் சேர்த்து வாக்காளர்கள் ஏறத்தாழ 12,48,000 பேர் மட்டுமே. அவர்களிலும் நான்கில் ஒருவரே வாக்களித்தார். நிலவரியும் நகர வரியும் செலுத்துவோருக்கு மட்டுமே உரிமை இருந்த அந்தச் சிறு வட்டத்தில் வேட்பாளரும் வாக்காளரும் பெரும்பாலும் ஒரே வகுப்பினராக, ஒருவரையொருவர் நேரிலோ உறவினர் வழியிலோ அறிந்தவர்களாக இருந்தனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எண்ணிக்கையைச் சுமார் 70 லட்சமாக உயர்த்தியபோதுதான், வேட்பாளரைக் கண்ணால் கண்டிராத, பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாத ஒருவர் எவ்வாறு இரகசியமாக வாக்களிப்பது என்ற நடைமுறைச் சிக்கல் அதிகாரிகள் முன் எழுந்தது.

அதற்குச் சென்னை மாகாணம் கண்ட விடை நிறம். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனி நிறத்தில் பெட்டி வைக்கப்பட்டது. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டியும் முஸ்லிம் லீகுக்குப் பச்சைப் பெட்டியும் கிடைத்தன. வாக்காளர் தம் சீட்டைத் தாம் விரும்பிய நிறப் பெட்டியில் போட்டால் போதும். சத்தியமூர்த்தி முதலானோர் முன்னின்று நடத்திய காங்கிரஸ் பிரச்சாரம் இதன் பயனை உடனே உணர்ந்துகொண்டு, வேட்பாளரின் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, மஞ்சள் பெட்டிக்கே வாக்கு என்ற ஒரே வேண்டுகோளை ஊர்தோறும் கொண்டு சென்றது. தாலிக்கயிற்றுக்கும் பூசைக்கும் உரிய மங்கல நிறமான மஞ்சள் அக்கட்சிக்கு வாய்த்தது எதிரிகளுக்கு வாய்க்காத நற்பேறு. 215 இடங்களில் 159-ஐ வென்ற காங்கிரஸ் மாகாணத்தில் முதன்முறையாக ஆட்சி அமைத்தது. நீதிக்கட்சித் தலைவரும் முதலமைச்சராக இருந்தவருமான பொப்பிலி அரசரே வி. வி. கிரியிடம் தோற்றார். காங்கிரசின் கொள்கை அறியப்படாத ஒன்றன்று. காந்தியும் கதரும் மதுவிலக்கும் எல்லாரும் அறிந்தவையே. ஆனால் மஞ்சள் பெட்டியில் சீட்டைப் போட்டவர் அந்தப் பெட்டிக்குரிய மனிதரைப் பற்றி எதையும் அறிந்திருக்கத் தேவையில்லை என்ற நிலை அந்தத் தேர்தலில்தான் நிறுவனமாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தல் இந்த வழியையே நாடு முழுமைக்கும் விரித்தது. சுமார் 17 கோடி வாக்காளர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள் என்பதால், முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நிறத்துக்குப் பதிலாகச் சின்னத்தைக் கொண்டுவந்தார். நுகம் பூட்டிய இரட்டைக் காளை காங்கிரசுக்கும், கதிர் அரிவாள் கம்யூனிஸ்ட் கட்சிக்கும், ஆலமரம் சோஷலிஸ்டுகளுக்கும், குடிசை கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கும் வழங்கப்பட்டன. வாக்குச்சாவடியில் நடந்ததை இன்றைய தலைமுறைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைய வாக்குச்சீட்டில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. அது ஒரு ரூபாய் நோட்டளவே இருந்த, எண் மட்டும் பொறித்த காகிதம். மறைப்புக்குப் பின்னே, வேட்பாளருக்கு ஒன்றாக, சின்னம் ஒட்டிய இரும்புப் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வாக்காளர் எதையும் எழுதாமல், எதன் மேலும் குறியிடாமல், சீட்டை மடித்துத் தமக்குத் தெரிந்த படத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் நுழைத்துவிட்டு வெளியே வந்தார். 1957-லும் இதே முறை நீடித்தது. பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் பரவலாயிற்று. வேட்பாளரின் பெயரை வாக்காளர் காணவே காணாமல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்திருக்க, பெயரைக் கூட அறியாமல் வாக்களிக்கிறார்கள் என்று வாக்காளரைக் கடிந்துகொள்வது முறையாகாது.

பெட்டியும் சின்னமும் அரசு தந்தவை. எந்தப் பெட்டி என்று சொன்னவர் யார் என்பது ஊருக்குள் தீர்மானமான செய்தி. தென்புறநகரின் ஏரிப்பாசனக் கிராமங்களில் அரசை மக்களுக்குக் காட்டியவர்கள் பரம்பரைப் பதவியினரான மணியக்காரரும் கர்ணமும் ஆவர்: முன்னவர் வரி வசூலித்தார், பின்னவர் நிலக்கணக்கை வைத்திருந்தார். பட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று என எதற்கும் இவ்விருவரையே அண்ட வேண்டியிருந்ததால், இவர்களும் இவர்களைச் சார்ந்த நிலவுடைமையாளரும் சொன்ன பக்கம் ஊர் வாக்கு சாய்வது இயல்பாக இருந்தது. சேரி வாக்கு ஊரின் கூலி வேலையை நம்பி இருந்த வரையில் அதற்கும் வேறு வழி இருக்கவில்லை. இந்தப் பிடியைத் தளர்த்தியது திராவிட முன்னேற்றக் கழகத்தின் கிளை அமைப்பு. படிப்பகம், முடிதிருத்தகம், தேநீர்க் கடை, ரசிகர் மன்றம் ஆகிய இடங்களில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட பழக்கத்தின் வழியே, பரம்பரை அதிகாரம் எதுவும் இல்லாத இளைஞர்கள் ஊருக்கும் அரசுக்கும் இடையில் புதிய தரகர்களாக எழுந்தனர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, பின்னர் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தியபோது, தாலுகா அலுவலகத்துக்கு உடன் வந்து காரியம் முடித்துத் தருபவர் என்ற இடம் முழுவதுமாகக் கட்சிக்காரரின் கைக்கு வந்தது. அக்காலம் முதல் புறநகர் வாக்காளர் கேட்கும் கேள்வி, நிற்பவரின் கொள்கை என்ன என்பதைவிட, நாளை ஒரு காரியம் என்றால் அவரிடம் போக முடியுமா, அவர் போனால் அதிகாரி கேட்பாரா என்பதாகவே இருந்து வருகிறது. இதில் அறியாமை எதுவும் இல்லை.

கொள்கை அறியாமல் வாக்களித்ததற்கு எடுத்துக்காட்டாக அதிகம் சொல்லப்படும் தேர்தலும் இந்தப் பகுதியிலேயே நடந்தது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார், அடுத்த மாதம் நடக்கவிருந்த தேர்தலில் எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளராகப் பரங்கிமலைத் தொகுதியில் நின்றார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகத் தொகுதிக்குள் மட்டுமன்றி மாநிலமெங்கும் பரவியது. தொகுதிக்கு வராமல், ஒரு கூட்டத்திலும் பேசாமல், அவர் காங்கிரசின் டி. எல். ரகுபதியை 27,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1971-லும் அதே தொகுதியில் வென்றார். வேட்பாளர் வாய் திறவாமல் வென்ற தேர்தலைவிடக் கொள்கை அற்ற தேர்தலுக்கு வேறு சான்று வேண்டுமா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அதே 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர்கள் மிக நன்றாக அறிந்திருந்த கொள்கைகளும் இருந்தன. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் வாட்டிய ஆண்டுகளுக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற அண்ணாவின் வாக்குறுதி வீட்டு அடுப்படி வரை சென்றிருந்தது. 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் நினைவு அப்போதுதான் இரண்டு வயது. படுக்கையில் கிடந்தவரின் படத்தைப் பார்த்து முத்திரை குத்தியவர், அந்தப் படத்தின் பின்னால் இருந்த உதயசூரியனையும் அந்தச் சூரியனின் பின்னால் இருந்த அரிசியையும் மொழியையும் அறியாமல் குத்தினார் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. வென்ற பின் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்கப்பட்டது என்பது வாக்குறுதி கொடுத்தவரின் கணக்கில் சேர வேண்டிய செய்தி.

எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தை ஆராய்ந்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், ஏழைகளின் நலனுக்கு மாறாக நடந்த ஓர் ஆட்சிக்கு ஏழைகளின் ஒப்புதலை அந்தப் பிம்பம் எவ்வாறு ஈட்டித் தந்தது என்று கடுமையாகக் கேட்டது. கேள்வி நியாயமானது, ஆயினும் 1982 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தைத் தன் பிள்ளையின் தட்டில் கண்ட ஒரு தாய், பிம்பத்துக்கு மயங்கி வாக்களித்தார் என்றே முடித்துவிட்டால், அவர் கண்ட சோற்றை ஆய்வாளர் காணத் தவறியதாகிவிடும்.

சின்னம் வாக்காளரை முழுக்க ஆட்டிப் படைக்கிறது என்ற கருத்தும் சோதிக்கத் தக்கதே. 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணை, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குச் சின்னத்தை நிலையாக ஒதுக்கி, கட்சி பிளவுபட்டால் சின்னம் யாருக்கு என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்கு அளித்தது. அதன்பின் சின்னத்தின் மீதான வழக்கு ஏறத்தாழச் சொத்து வழக்காகவே மாறியது. 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் தேர்ந்துகொண்ட இரட்டை இலை, எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. பிறந்து ஓராண்டு ஆவதற்குள் வெற்றிச் சின்னமாயிற்று: அதாவது, பழகாத சின்னத்தையும் மக்கள் சில வாரங்களில் கற்றுக்கொள்ள முடிந்தது. அக்கட்சி இரண்டாகி இலை முடக்கப்பட்ட நிலையில் நடந்த 1989-ஆம் ஆண்டுத் தேர்தலில், ஜெயலலிதா அணியின் சேவல் 27 இடங்களைப் பெற, ஜானகி அணியின் இரட்டைப் புறாவுக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. இரண்டும் புதிய சின்னங்களே என்பதால் அந்த வேறுபாட்டைச் சின்னத்தின் மேல் ஏற்ற முடியாது. 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகரிலோ இலையே எதிர்த்து நிற்க, குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தொகுதியில் முதலில் ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலே பணப் பட்டுவாடாப் புகாரால் ரத்து செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் கைமாறும் இடத்தில் கொள்கையைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை என்பர், ஆனால் எல்லாத் தரப்பும் பணம் தரும் இடத்தில் பணமும் முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

சின்னம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோட்டுப் பகுதியின் மொடக்குறிச்சி 1996-இல் விடை தந்தது. தம் கோரிக்கைகளைக் கவனிக்காத அரசின் கவனத்தை ஈர்க்க விவசாயிகள் திரளாக மனுத்தாக்கல் செய்ய, 1,033 வேட்பாளர்கள் களத்தில் இருந்தனர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் புத்தகத்தைப் புரட்டி உதயசூரியனைக் கண்டுபிடித்து சுப்புலட்சுமி ஜெகதீசனை மக்கள் தேர்ந்தெடுத்தனர். ஆயிரம் பேரின் கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்த்து வாக்களிக்கும்படி எந்த அரசியல் அறிஞரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1957-இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் சூட்டினார்: அறிவுக்கு உகந்த அறியாமை. தனி ஒருவரின் வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிக அரிது. கொள்கைகளைத் தேடிப் படிப்பதற்கு ஆகும் நேரமும் உழைப்பும் நிச்சயம். ஆகவே படிக்காமல் இருப்பதே கணக்குக்குச் சரி என்பது அதன் பொருள். 1991-இல் சாமுவேல் பாப்கின் இதற்கு மறுபக்கத்தைச் சேர்த்தார்: வாக்காளர் கட்சி, பழக்கம், பேச்சு, நடத்தை போன்ற குறுக்குவழிகளைக் கொண்டு போதுமான அளவுக்குச் சரியாகவே கணிக்கிறார் என்றார். இருவரும் அமெரிக்காவை மனத்தில் கொண்டு எழுதியவர்கள். இந்திய நிலைமையில் அவர்கள் கருதாத மற்றொரு காரணம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் 52-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி அவையில் வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்க வழிசெய்கிறது. ஆகவே சோழிங்கநல்லூரிலோ தாம்பரத்திலோ நிற்கும் ஒரு கட்சி வேட்பாளர் நீர்நிலைகளைப் பற்றியோ வீட்டு வசதியைப் பற்றியோ எத்தகைய தனிக்கொள்கை கொண்டிருந்தாலும், கட்சி வேறு விதமாக முடிவு செய்தால் அதை அவையில் காட்ட அவருக்கு வழியில்லை. அவருடைய கொள்கையை அறியாதிருப்பதால் வாக்காளர் இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை. பரிந்துரைக் கடிதம் தருபவரா, தொகுதி மேம்பாட்டு நிதியில் நம் தெருவுக்கு ஏதேனும் செய்பவரா, தொலைபேசியை எடுப்பவரா என்ற கேள்விகளின் விடைதான் அவரிடம் உண்மையிலேயே உள்ள அதிகாரத்தைத் தொடுகிறது.

கொள்கை என்பது கட்சித் தலைமையின் தேர்தல் அறிக்கையில் இருக்கிறது என்றால், அதைத் தமிழ்நாட்டு வாக்காளர் அறியாதவர் என்று சொல்லவே முடியாது. 2006-இல் வண்ணத் தொலைக்காட்சியும் இரண்டு ரூபாய் அரிசியும், 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி ஆகியவையும் மனப்பாடமாகத் தெரிந்த வாக்குறுதிகளே. இவற்றை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று கூறி, வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. கைக்கு வருவதும் எண்ணத்தக்கதுமான கொள்கையை மக்கள் கூர்ந்து அறிகிறார்கள். நிலப் பயன்பாடு, வடிகால், நகர எல்லை என்று வரைபடத்தில் மட்டும் தெரியும் கொள்கை அவர்களை வந்து சேர்வதில்லை. பெரும்பாக்கத்தின் பெருந்துயரம் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1997-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை, 2000-இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, பழைய மாமல்லபுரம் சாலையின் விரிவாக்கம், சோழிங்கநல்லூரில் எல்காட் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆகியவை இப்பகுதியை ஒரு தலைமுறைக்குள் உருமாற்றின. மறுபக்கம், நகரின் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி அங்கிருந்தோரைத் தெற்கே கொண்டுவந்து குவிக்கும் பணி 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகரில் தொடங்கி, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரிக்கு நீண்டு, நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியால் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக உயர்ந்தது. 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட இந்தக் குடியிருப்பு தி.மு.க. ஆட்சியில் ஒப்புதல் பெற்றது, அ.இ.அ.தி.மு.க. ஆட்சியில், குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்தும் கூவம் கரையிலிருந்தும் குடும்பங்கள் லாரிகளில் கொண்டுவரப்பட்டபோது நிறைந்தது. இரு பெருங்கட்சிகளும் இதில் வேறுபடவில்லை. வேறுபாடே இல்லாத இடத்தில் கொள்கையை அறிந்து வாக்களித்திருந்தாலும் வாக்காளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்திருக்க முடியாது. கொண்டுவரப்பட்டவர்களில் பலருக்குப் பெயர் பழைய தொகுதியின் வாக்காளர் பட்டியலிலும் ஆள் பெரும்பாக்கத்திலுமாக இருந்த இடைக்காலமும் உண்டு. பெயரை மாற்றிக்கொள்ளப் புதிய முகவரிக்குச் சான்று வேண்டும், அலுவலகத்துக்கு அலைய ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பால் உருவாகி 2011-இல் முதல் தேர்தலைக் கண்ட சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில்தான் பெரும்பாக்கம் அடங்குகிறது. 2021-இல் இதன் வாக்காளர்கள் ஏறத்தாழ 6,95,000 பேர். அதே ஆண்டில் சென்னையின் துறைமுகம் தொகுதிக்கு இருந்தவர்கள் 1,76,000 பேர் மட்டுமே. நீலாங்கரைக் கடலோர மாளிகைக்காரரும் மென்பொருள் நிறுவன ஊழியரும் மீனவரும் மறுகுடியமர்த்தப்பட்ட தினக்கூலியும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இத்தகைய தொகுதியில், வேட்பாளரை நேரில் அறிதல் என்பது மிகச் சிலருக்கே வாய்க்கும். 1937-இல் நிறம் செய்த வேலையைச் சின்னம் இங்கு இன்னும் செய்துகொண்டிருப்பதில் வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான தேர்தல் கிராம ஊராட்சியினுடையது. தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பதில்லை. பூட்டு-சாவி, கத்தரிக்காய், ஆட்டோ ரிக்‌ஷா போன்ற பொதுச் சின்னங்களே வழங்கப்படுகின்றன. மேலே உள்ள ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. வாக்காளர் ஒரே சமயத்தில் நான்கு சீட்டுகளைப் பெறுகிறார்: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முன்னிரண்டில் தெரிந்த முகத்தைத் தேடும் அதே கை, பின்னிரண்டில் தெரிந்த சின்னத்தைத் தேடுகிறது. மஞ்சள் இப்போது எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை.

அருகிலிருந்து அறியத்தக்க இந்தத் தேர்தல், மிகவும் தேவைப்பட்ட காலத்தில் பெரும்பாக்கத்துக்குக் கிடைக்கவில்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்துவிட, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றன. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோதும், புதிதாகப் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றுக்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊருக்குள் வந்து இறங்கி, குடிநீர், பள்ளி, பேருந்து என்று எல்லாவற்றுக்கும் தவித்த அந்த ஐந்து ஆண்டுகளிலும் அவ்வூருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை.

தலைவர் வந்த பின்னும் அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. அடுக்குமாடிகளின் மின்தூக்கியும் கழிவுநீர்க் குழாயும், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்ட பழைய குடிசை மாற்று வாரியத்தின் பொறுப்பு. பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. பள்ளி கல்வித் துறையின் பொறுப்பு. இவற்றுள் எதற்கும் ஊராட்சித் தலைவர் உத்தரவிட முடியாது. மனு எழுதலாம், உடன் செல்லலாம். 2021 அக்டோபரில் இளஞ்சிவப்புச் சீட்டில் முத்திரை குத்திய மறுகுடியமர்வுக் குடும்பத்தினர், எந்த வேட்பாளரின் கொள்கை சிறந்தது என்பதற்கு முன்பாக, எட்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாளில் இவரிடம் போவதா, ஒன்றிய உறுப்பினரிடம் போவதா, சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போவதா, வாரியத்தின் பொறியாளரையே தேடிப் போவதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.